பாரிசுக்கும் பாசலுக்கும் இடையில் பதினொரு நாள்

விநாயகமூர்த்தியர் தன் ஏழாவது ட்ரக்குக்குத் தேங்காய் உடைத்த ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரன் ட்ரக் யார்டில் காது அறுக்கிற குளிர். ஐயர் ஜாக்கெற்றுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு அவசர அவசரமாக மந்திரம் சொன்னார். முன்சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மூர்த்தியர் ஏறி இருந்து, சாவியைத் திருகி, ஒரு அடி முன்னுக்கு உருட்டினார். பழம் நசிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஏழு தரம் கேட்ட தமிழன் இந்த ஊரில் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிச் சொல்லட்டும் பார்ப்போம். அதுவும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடப் பக்கம் போகாத மனிசன்.

சும்மா வந்ததில்லை அந்த ஏழும். வந்த புதிதில் வெயர்ஹவுசில் பெட்டி தூக்கினார். பிறகு ட்ரக் லைசென்ஸ் எழுத்துச் சோதனையில் மூன்று தரம் கோட்டைவிட்டு, நாலாம் தரம் பாஸ் பண்ணினார். பழைய ட்ரக் ஒன்றை எடுத்து, ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் பத்தொன்பது வருசம் ஓடினார். படித்து வந்தவர்கள் எல்லாம் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இவர் அவர்களுக்கு வேலை கொடுத்தார். இது பெருமைக்குச் சொல்கிற கதையில்லை, நடந்த கதை.

ஆனால் மூர்த்தியருக்கு ட்ரக்குகளைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. அது பாசல் கதை.

எண்பத்தாறாம் ஆண்டு. ஊரைவிட்டு வெளிக்கிட்ட மூர்த்தியர், சுவிசில் பாசல் நகரத்தில் அக்கா குணவதி வீட்டில் வந்து ஒதுங்கியிருந்தார். அங்கிருந்து பாரிசுக்குப் போய்த்தான் கனடாவுக்கு விமானம் ஏற வேண்டும். ஏஜென்ற் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். மரம் ஏற்றிய லொறிக்குள் ஒரு இரவு. எல்லையில் பிடித்துத் திருப்பி விட்டார்கள். பிறகு யாரோ ஒரு கமக்காரனின் மாட்டுத் தொழுவத்தில் மூன்று நாள், வைக்கோலுக்குள். மறுபடியும் பனிக்குள் நடை. மறுபடியும் பிடித்துத் திருப்பினார்கள். சப்பாத்து கிழிந்து, காலில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு நடந்து, கடைசியில் பாரிசில் போய் விழுந்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது.

இந்தக் கதையை அவர் சொல்லாத கலியாண வீடு இல்லை, செத்தவீடும் இல்லை. "பாசலிலயிருந்து பாரிஸ் எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். இடையிலை மலை இருக்கு, காடு இருக்கு, பதினொரு நாள்" என்று அவர் தொடங்கினால் சனம் பிளேன்ரீயைக் கையில் எடுத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் ஐரோப்பா மண்ணை மிதிக்கவில்லை. என்னை நாய் மாதிரித் துரத்தின இடத்துக்கு நான் திரும்பிப் போறதோ என்று ஒரு வைராக்கியம். அக்கா இரண்டு தரம் ரொறன்ரோவுக்கு வந்து போனாள். பாரிசில் குடியேறிய தம்பி பத்மநாதன் அடிக்கடி வந்து போனான். அது காணும் என்றிருந்தார்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் செத்துப் பல வருசம். அவளைப் பார்க்கிற பொறுப்பை மூர்த்தியர் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். தம்பி அதிகம் போவதில்லை என்று தெரியும். கேட்டால் அவன் சொல்வான்: "அண்ணை, உங்களுக்குத் தெரியாத தூரமே? போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். மலையைச் சுத்தியெல்லோ போகோணும்." மூர்த்தியர் உடனே இளகிவிடுவார். அந்தத் தூரத்தின் அருமை தெரிந்த ஒரே ஆள் தம்பி என்று அவருக்கு ஒரு திருப்திகூட. அக்கா போனில், "பத்மனைக் கண்டு ஒரு வருசமாகுது" என்று இழுத்தால் இவர்தான் ஏசுவார். "அக்கா, நீ என்ன கதை கதைக்கிறாய்? அது என்ன இஞ்சை அஜின்கோர்ட்டிலயிருந்து பக்கத்து வெக்ஸ்போர்ட்டுக்கு வாற மாதிரியோ?"

இந்த முறை விசயம் பெரிது. அக்கா குளிக்கிற அறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதல் ஒரு மாதத்துக்கு வீட்டில் ஒரு ஆள் கூட இருந்தால் வீட்டுக்கு விடுவார்கள். இல்லாவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை அவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வருவது குறைவு. அக்காவோடு கதைத்தால், "எனக்கு ஒண்டுமில்லை, நீ உன்ரை வேலையைப் பார்" என்பதோடு போனை வைத்துவிடுவாள். மிச்சம் எல்லாம் தம்பி வாயால்தான் வந்தது. போன கிழமை தம்பி போன் எடுத்துச் சொன்னான்: "போய்ப் பாத்திட்டு வந்திட்டன் அண்ணை. ரெண்டு நாள் பயணம், முதுகு முறிஞ்சு போச்சு. அக்கா நல்லா இருக்கிறா. தானே இல்லத்துக்குப் போறன் எண்டு ஓமெண்டிட்டா. நீங்கள் கவலைப்படாதேங்கோ."

அக்காவே ஓமென்றால் வேறு என்ன செய்வது? மூர்த்தியருக்கு மனம் சுணங்கியது. ஆனாலும் தம்பி அந்தத் தூரம் போனானே என்பதில் நெஞ்சு நிறைந்தது.

அந்த நெஞ்சு நிறைவோடுதான், பூசை முடிந்து அஜின்கோர்ட் ஹோலில் மத்தியானச் சாப்பாடு நடந்தபோது மைக்கைப் பிடித்தார். முதலில் ட்ரக் கதை. பிறகு பாசல் கதை. பிறகு குரல் தழுதழுத்தது.

"இண்டைக்கு நான் ஒரு ஆளுக்கு நன்றி சொல்லோணும். என்ரை தம்பி பத்மநாதன். போன கிழமை, அந்தப் பனிக்குள்ளை, பாரிசிலயிருந்து பாசலுக்கு ரெண்டு நாள் பயணம் செய்து அக்காவைப் பாத்திட்டு வந்திருக்கிறான். உப்பிடி ஒரு சகோதரம் ஆருக்குக் கிடைக்கும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். மூர்த்தியர் வந்து மேசையில் இருந்தார். அருகில் மனைவி யோகராணி, எதிரே பழைய சிநேகிதர் மகேஸ்வரன், மகேஸ்வரனின் மருமகள் அட்சயா. அந்தப் பிள்ளை பாரிசில் பிறந்து வளர்ந்து, போன வருசம் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். பகிடியாகத்தான் கேட்டாள்.

"அங்கிள், உங்கட தம்பி நடந்தோ போனவர்?"

"என்ன பிள்ளை?"

"இல்லை, ரெண்டு நாள் எண்டு சொன்னீங்கள். வேகரெயினிலை மூண்டு மணித்தியாலம்தானே. பாசலிலை என்ரை பெரியம்மா இருக்கிறா. கலியாணத்துக்கு முதல் பொங்கலுக்கு நான் காலமை போய், அவவோட மத்தியானம் சாப்பிட்டிட்டு, பின்னேரம் வீட்டை வந்திட்டன்."

மகேஸ்வரன் சிரித்துவிட்டார். "பிள்ளை, மூர்த்தியண்ணை போன காலத்திலை ரெயின் கண்டுபிடிக்கேல்லை."

மேசை குலுங்கியது. மூர்த்தியரும் கூடச் சிரித்தார். "நீ சொல்லுறது வேறை பாசலாயிருக்கும்" என்றார்.

"எத்தினை பாசல் அங்கிள் இருக்கு?"

பதில் சொல்ல வாய் திறந்தவர், ஒரு உதவிக்கு யோகராணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. சோற்றில் கிடந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் கூட வாழ்ந்த மனிசி. ஒரு விசயம் தெரியாவிட்டால் அவள் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்பாள். தெரிந்தால்தான் இப்படிக் குனிவாள்.

மூர்த்தியர் பாயாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார்.

காரில் ஏறி, செப்பேர்ட் வீதிச் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார். "உனக்குத் தெரியுமோ?"

"எதை?"

"மூண்டு மணித்தியாலம் எண்டு."

யோகராணி கைப்பையின் வாரைத் திருகினாள். "ஓம்."

"எப்பயிருந்து?"

"ஜெனோசன் சிநேகிதப் பெடியளோடை யூரோப் சுத்திப் பாக்கப் போனவனெல்லே, அந்த வருசம். அவன்தான் போனிலை காட்டினவன்."

ஜெனோசன் அவர்களுடைய மகன். அவன் போய் வந்து பதினைந்து வருசம் இருக்கும்.

"அவனுக்கும் தெரியுமோ! ஏனப்பா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னவன். நீங்கள் மறந்திட்டியள். சாப்பாட்டு மேசையிலை வைச்சுச் சொன்னவன். 'நடந்தவனுக்குத் தெரியாதது போன் பாக்கிற உனக்குத் தெரியுமோ' எண்டு எல்லாருக்கும் முன்னாலை பெடியனை ஏசினியள். அவன் சாப்பாட்டை வைச்சிட்டு எழும்பிப் போனவன். பேந்து ஆர் உங்களுக்குச் சொல்லுறது?"

"அப்ப பத்மன் புளுகிறான் எண்டும் தெரியும்."

"அவர் உங்கட தம்பி. நான் சொன்னால் சகோதரங்களைப் பிரிச்சவள் எண்டு எனக்குத்தான் பேர் வரும்."

விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். மூர்த்தியர் அசையவில்லை.

"எத்தினை கிலோமீற்றர்?"

"ஐந்நூறு சொச்சம் எண்டு நினைக்கிறன்."

ஐந்நூறு சொச்சம். அது மொன்றியல். மலையும் இல்லை, கடலும் இல்லை, மொன்றியல். காலையில் வெளிக்கிட்டு, சாமான் இறக்கி, ஒரு கோப்பியைக் குடித்து, அன்றைக்கே வீட்டுக்கு வந்து படுக்கிற தூரம். பத்தொன்பது வருசம் ஓடிய தூரம். அவருடைய முதுகெலும்புக்கும் பிரேக் மிதித்த காலுக்கும் மனப்பாடமான தூரம். அந்தத் தூரத்தைச் சொல்லித்தான் அவரைப் பேய்க்காட்டியிருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே தம்பிக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை! பூசை எல்லாம் முடிஞ்சுதே? படம் அனுப்புங்கோ."

"முடிஞ்சுது. பத்மன், நீ போய்ப் பாத்தாயெல்லே, அக்காவின்ரை கட்டில் யன்னலோடையோ?"

"ஓம் அண்ணை, யன்னலோடைதான்."

"யன்னலாலை என்ன தெரியும்?"

"என்ன தெரியும்... கார் பார்க்தான் தெரியும். ஏன் அண்ணை?"

ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே அக்கா சொன்ன ஒரேயொரு நல்ல வார்த்தை அதுதான்: "படுத்தபடி ஆறு தெரியுது தம்பி, கப்பல் போகுது."

"நீ போகேல்லை" என்றார் மூர்த்தியர்.

"அண்ணை, அது வந்து..." என்று தொடங்கினான் பத்மநாதன்.

"மூண்டு மணித்தியாலமடா. மூண்டு மணித்தியாலம். இண்டைக்கு ஒரு சின்னப் பிள்ளை சனத்துக்கு முன்னாலை எனக்குச் சொல்லித் தந்தது. நான் உன்னை மைக்கிலை புகழ்ந்திட்டு வந்திருந்த கதிரை சூடாறேல்லை."

"அண்ணை, நீங்கள் அங்கை ஏழு ட்ரக்கோடை இருந்துகொண்டு போனிலை ஓடர் போடுவியள். போய்ப் பார், கொண்டுபோய்க் குடு, கூட்டிக்கொண்டு போ. முப்பத்தைஞ்சு வருசம் அக்கா என்ரை தலையிலை. நீங்கள் ஒருக்கா வந்து எட்டிப் பாத்தியளோ?"

"மனமில்லை எண்டு சொல்லியிருக்கலாமேயடா. ஏன் தூரமெண்டு பொய் சொன்னனீ?"

"நான் உண்டாக்கின பொய்யே அண்ணை அது?" பத்மநாதன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "முதல் தரம் சும்மா 'தூரமண்ணை' எண்டு சொன்னன். நீங்களாத்தான் மலையையும் காட்டையும் கொண்டந்து நடுவிலை வைச்சியள். நான் பேசாமல் இருந்தன். அவ்வளவுதான்."

மூர்த்தியர் போனை அணைத்தார். அவருடைய பதினொரு நாளை, கிழிந்த சப்பாத்தை, வைக்கோலுக்குள் கிடந்த பயத்தை எல்லாம் எடுத்துத் தன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறான் தம்பி. களவு போனது அதுதான்.

யோகராணி மெல்லச் சொன்னாள். "மச்சாளுக்கு எடுங்கோவன். அங்கை இப்ப இருட்டியிருக்கும், ஆனால் முழிச்சுத்தான் இருப்பா."

அக்கா எடுத்தாள். "என்னடா மூர்த்தி, எனக்கு ஒண்டுமில்லை, நீ உன்ரை..."

"வேலையைப் பிறகு பாப்பன். அக்கா, பத்மன் வந்து உன்னைப் பாத்தவனோ?"

"வந்தவன், வந்தவன்."

"என்ன கொண்டந்தவன்?"

"என்னவோ... பழம் கொண்டந்தவன்."

"அக்கா."

குணவதி அழுகிற மனிசி இல்லை. இப்போதும் அழவில்லை. "வரேல்லையடா" என்றாள். "விடு. அவனுக்கும் குடும்பம், வேலை. வெள்ளிக்கிழமை நான் அந்த இல்லத்துக்குப் போறன்தானே. நீதான் ஓமெண்டிட்டியாம். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

மூர்த்தியர் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பக் காதில் வைத்தார்.

"நான் ஓமெண்டனானோ? நீதான் ஓமெண்டனீ எண்டு அவன் எனக்குச் சொன்னான்."

"நானோ? நான் அந்த இல்லம் மட்டும் வேண்டாமெண்டு அவனைக் கையெடுத்துக் கும்பிட்டனானடா போனிலை. பத்மன் பேந்து எடுத்துச் சொன்னான், 'அண்ணை யோசிச்சு முடிவெடுத்திட்டார், நீ மறுத்துக் கதைச்சால் அவருக்குக் கோபம் வரும்' எண்டு."

யோகராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, உனக்கும் தெரியும்தானே? மூண்டு மணித்தியாலம் எண்டு?"

"தெரியாமல் என்ன? நான் பாரிசுக்கு ரெண்டு தரம் போனனானெல்லே. முதல் தரம் பிரதீபா, அவன்ரை மனிசி, நல்லா வைச்சுப் பாத்தவள். ரெண்டாம் தரம் சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டன், அது என்ரை பிழைதான். இறங்கிப் போன் எடுக்க, பத்மன் ஸ்ரேசனுக்கு வந்தான். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கினம், மணம் உனக்கு ஒத்துவராது எண்டான். அங்கையே ஒரு ரீ வாங்கித் தந்து, அடுத்த ரெயினிலை ஏத்திவிட்டவன். சுடுற ரீ, குடிச்சு முடிக்கேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடியடா சொல்லுறது? நான் வாய் திறக்க முதல் நீ பதினொரு நாள் எண்டு தொடங்கிவிடுவாய். அந்தக் கதையைச் சொல்லேக்கை உனக்கு எவ்வளவு சந்தோசம். நான் அதை உடைக்கிறதே? நீ அந்தப் பனிக்குள்ளை வெளிக்கிட்ட அண்டு வாசல்லை நிண்டு பாத்தவளும் நான்தானே."

தம்பி பொய் சொன்னான், அது ஒரு பக்கம். ஆனால் மனிசிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஊரெல்லாம் வாயைப் பிளந்து கேட்டது என்று அவர் நினைத்த கதையை, சொந்த வீட்டுச் சனம் ஒரு குழந்தைக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டிக் கேட்டிருக்கிறது. அதில் எது கூட வலித்தது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை நீ எங்கையும் போறேல்லை. உன்ரை வீட்டுக்குத்தான் போறாய். நான் வாறன்."

"நீயோ? நீ இந்தப் பக்கம் மிதிக்கமாட்டன் எண்டனியே."

"மிதிக்கிறன். ஒரு மாதம் உன்னோடைதான். ஆஸ்பத்திரிக்காரரிட்டைச் சொல்லி வை, தம்பி வாறான் எண்டு. எந்தத் தம்பி எண்டு வடிவாச் சொல்லு."

யார்டை ஜெனோசன் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மகனிடம் சாவிக் கோர்வையைக் கொடுத்தபோது மூர்த்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "புது ட்ரக்கின்ரை பிரேக் இறுக்கம், டிறைவர்மாருக்குச் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஜெனோசன் "ஓகே அப்பா" என்றான்.

புதன்கிழமை பின்னேரம் விமான நிலையத்துக்குப் போகும்போது ஜெனோசன் காரை ஓட்டினான். மூர்த்தியரும் யோகராணியும் பின்னால் இருந்தார்கள். வழியில் பத்மநாதன் போன் எடுத்தான்.

"அண்ணை, வாறியளாம் எண்டு அக்கா சொன்னா. பாரிசிலை இறங்குங்கோ. நான் வந்து ஏத்திறன். ரெண்டு நாள் நிண்டு களையாறிப் போகலாம். பிரதீபாவும் கேக்கிறாள். நேரிலை கதைப்பம், அண்ணை."

"நான் சூரிச்சிலை இறங்கிறன்."

"அப்ப ஒரு மாதத்துக்குள்ளை ஒருநாள் எண்டாலும் எங்கட பக்கம்..."

"இல்லையடா" என்றார் மூர்த்தியர், சத்தம் போடாமல். "உன்ரை வீடு தூரம்."

போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். 401 நெடுஞ்சாலையில் ட்ரக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று அவருடையது. வழக்கமாக என்றால் கண்ணாடியில் தட்டிக் காட்டியிருப்பார். கொஞ்சத் தூரம் போனபின், இத்தனை வருசத்தில் கேட்டிராத ஒன்றை மனிசியிடம் கேட்டார்.

"சூரிச்சுக்கு எவ்வளவு நேரம் போகும்?"

யோகராணி போனைத் தடவிப் பார்த்தாள். "எட்டு மணித்தியாலமளவு."

"அங்கையிருந்து பாசல்?"

"ரெயினிலை ஒரு மணித்தியாலம்."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தானப்பா. நான் ஏன் பொய் சொல்லப்போறன்?"

மூர்த்தியர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அந்தப் போனை வாங்கி, சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டு, தானே ஒரு தரம் பார்த்தார்.